முறிந்த பாய்மரத்தை ஏன் சாய்த்து வெட்ட வேண்டும்?

நோர்வூட்டில் இருந்து ஒரு தம்பி படம் அனுப்பிக் கேட்டிருந்தார். நீர்கொழும்பில் வாங்கிய பழைய பாய்ப்படகு ஒன்றை லொறியில் ஏற்றிவந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓட்டுகிறார். 5 மீட்டர் உயரம், 5 சென்ரிமீட்டர் சதுரக் கனம் கொண்ட பைன் மரப் பாய்மரம். நடுப்பகுதியில், குறுக்குவாட்டில் ஒரு வெடிப்பு. "இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் அடித்தால் சரியா அண்ணா?"

சரிவராது தம்பி. தகடு பிடித்த இடம் வளையாது. தகடு முடிகிற இடத்தில் மரம் திடீரென்று வளையத் தொடங்கும். அடுத்த முறிவு அந்த விளிம்பில்தான் வரும்.

பாய்மரம் படும் பாட்டை முதலில் பார்ப்போம். மின்கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டிய கம்பியைப் பார்த்திருப்பீர்கள். பாய்மரத்தையும் அப்படித்தான் கம்பிகள் பிடித்திருக்கின்றன. ஆனால் படகு ஒடுக்கமானது, கம்பியை எட்டக் கட்ட இடமில்லை. கம்பிக்கும் மரத்துக்கும் இடையில் 11, 12 பாகைதான் இருக்கும். அந்தக் கோணத்தில், காற்று பக்கவாட்டில் 100 கிலோ அளவுக்குத் தள்ளினால் கம்பி ஏறக்குறைய 500 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். அந்த இழுவையில் பெரும்பகுதி மரத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. நிற்கும்போது மரம் நெருக்கலையும் தாங்க வேண்டும், வளைவையும் தாங்க வேண்டும்.

மரம் இழுத்தால் தாங்கும் அளவில் ஏறக்குறையப் பாதியைத்தான் நெருக்கினால் தாங்கும். அதனால் வளைவின் உட்பக்கம் முதலில் தோற்கிறது. அங்கே நார்கள் மடிந்து, மயிரிழை போல ஒரு குறுக்குக் கோடு விழும். பெயின்ட் அதை மறைத்துவிடும். பாய்மரத்தைக் கழற்றி இரண்டு மரக்குற்றிகள் மேல் கிடத்துங்கள். ஒற்றைக் கண்ணால் நுனியில் இருந்து பார்த்தால் கோணல் தெரியும். சந்தேகமான இடத்தில் பெயின்டைச் சுரண்டி, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அப்புறம் ஸ்க்ரூட்ரைவர் பிடியால் மரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் கணீரென்று பதில் சொல்லும். உக்கிய இடத்தில் சத்தம் செத்துப்போகும்.

தம்பியின் படத்தில் வெடிப்புக்குச் சற்று மேலே ஒரு ஆணித் துளையும், அதைச் சுற்றிக் கறுப்புக் கறையும் இருந்தன. கேட்டேன். கண்ணூறு படாமல் இருக்க எலுமிச்சையும் மிளகாயும் கட்ட அடித்த ஆணியாம். இதைச் சொல்லத் தயங்கமாட்டேன்: படகுக்குக் கேடு செய்தது அந்த ஆணிதான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உக்கவைக்கும் பூஞ்சணம் வளராது. ஆணித் துளை மழைக்கும் மூடுபனிக்கும் குழாய் போட்டுக் கொடுத்தது. தென்மேற்குப் பருவமழை நனைக்கும் ஊரில் அந்த ஈரம் காயவே இல்லை. கண்ணூறை நம்பிப் பாய்மரத்தைத் துளைப்பது உயிரோடு விளையாடுவது. நீர்த்தேக்கத்தின் நடுவில் மரம் முறிந்தால் தலைமேலேயே விழலாம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கெட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரம் வைக்க வேண்டும். நேராக வெட்டி முனையோடு முனை ஒட்டினால் நிற்காது. மரம் என்பது வைக்கோல் கட்டு மாதிரி. வெட்டுமுனையில் எல்லாக் குழாய்களும் வாய் திறந்து பசையைக் குடித்துவிடும். ஒட்டும் பரப்பும் வெறும் 25 சதுர சென்ரிமீட்டர்தான்.

கவாத்து வெட்டுகிறவர் தேயிலைத் தண்டைச் சாய்வாக வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் சாய்வுதான், ஆனால் மிக நீண்ட சாய்வு: கனத்துக்கு 12 மடங்கு. 5 சென்ரிமீட்டர் மரத்துக்கு 60 சென்ரிமீட்டர். ஒட்டும் பரப்பு 300 சதுர சென்ரிமீட்டராகிறது. பரப்பு கூடியது பாதிக் கதைதான். பள்ளிக்கூடத்தில் விசையை இரண்டு கூறாகப் பிரித்தோமே, அதை இங்கே செய்து பாருங்கள். மரத்தின் நெடுக்கே வரும் இழுவையில் ஒட்டைப் பிளக்கப் பார்க்கும் கூறு ஒன்று, ஒட்டின் மேல் வழுக்கப் பார்க்கும் கூறு மற்றொன்று. 12 மடங்குச் சாய்வில் வழுக்கும் தகைப்பு (ஒரு சதுர சென்ரிமீட்டரில் விழும் விசை) மரத்தில் வரும் இழுவைத் தகைப்பில் ஏறக்குறைய 12இல் ஒரு பங்குதான். பிளக்கும் தகைப்போ 145இல் ஒரு பங்கு! பசைக்கு உரிந்து பிளப்பதுதான் பலவீனம், வழுக்குவதை அது நன்றாகவே தாங்கும். சாய்வு அந்தப் பலவீனத்தை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிடுகிறது. வெறும் கோணம் ஒன்று பசையின் வேலையையே மாற்றிவிடுவதை எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்குச் சந்தோஷம் அடங்குவதில்லை.

இரண்டு சாய்வும் ஒன்றோடொன்று பொருந்த தச்சு பாஸ்மார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டின் மேல் மற்றதை 60 சென்ரிமீட்டர் பின்தள்ளி அடுக்கி, இரண்டையும் சேர்த்து ஒரே சரிவாகச் சீவுளியால் இழைப்பார்கள். மேல் துண்டைப் புரட்டி வைத்தால் சரிவு சரிவோடு படியும், அளக்கத் தேவையில்லை. நடுவில் புதுத் துண்டு வைப்பதால் இப்படி இரண்டு ஒட்டு வரும். அதற்கேற்ப நீளமாக, நேரான நார் ஓட்டமுள்ள, அதே வகை மரமாக எடுங்கள்.

எபொக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) முதலில் தனியாகப் பூசி மரத்தைக் குடிக்க விடுங்கள். பிறகு மரத்தூள் கலந்து கெட்டியாக்கிப் பூசிச் சேருங்கள். கிளாம்பை மெதுவாக இறுக்குங்கள். பலமாக இறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிந்துவிடும். சரிவில் துண்டுகள் நழுவாமல் ஓரத்தில் சின்ன ஆணி ஒன்று போதும், காய்ந்ததும் பிடுங்கி, துளையை எபொக்சியால் அடைத்துவிடலாம்.

மலையகத்துக் குளிரை மறக்க வேண்டாம். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் எபொக்சி இறுகும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். கொழும்பில் ஒரு நாளில் ஆகும் வேலைக்கு இங்கே இரண்டு, மூன்று நாள் விடுங்கள். குளிர்ந்த ஈரக் காற்றில் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் படியக்கூடும். காற்றின் ஈரமும் காபனீரொட்சைட்டும் எபொக்சியோடு சேர்ந்து உண்டாக்குவது அது. அடுத்த பூச்சுக்கு முன் வெறும் தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

கடைசியாக, கம்பி மாட்டும் ஸ்க்ரூத் துளைகள். ஒவ்வொன்றையும் பெரிதாகத் துளைத்து, எபொக்சியால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் மறுபடி துளையுங்கள். ஸ்க்ரூ இறுகிய எபொக்சியைத்தான் கடிக்கும், தண்ணீர் நாரைத் தொடாது. அந்த ஆணித் துளையின் பக்கத்தில் நல்லதாகத் தெரியும் மரத்தையும் ஊசியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் வெட்ட வேண்டிய துண்டு இன்னும் நீளம், தம்பி.