‘ஸ்பெஷல் லெஜிஸ்லேஷன்’: சிறப்புச் சட்டமா, தனிச்சட்டமா?

அமெரிக்க மாநிலங்களின் தீர்ப்புகளில் வரும் ‘ஸ்பெஷல் லெஜிஸ்லேஷன்’ என்பதைச் ‘சிறப்புச் சட்டம்’ என்று பெயர்த்தால் படிப்பவர் வழிதவறிவிடுவார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு பொருளுக்கான சட்டத்தைத்தான் அப்படிச் சொன்னது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் போல. அது நாடு முழுக்கச் செல்லும். அமெரிக்கச் சொல்லோ ஓர் ஊருக்கோ ஓர் ஆளுக்கோ மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டத்தைக் குறிக்கும்.

லத்தீனில் ‘ஸ்பீசீஸ்’ வகை. ‘ஜீனஸ்’ அந்த வகைகளை அடக்கிய இனம். இவற்றிலிருந்தே ‘ஸ்பெஷல்’, ‘ஜெனரல்’ இரண்டும் வந்தன. நம் இலக்கணத்தின் பொது, சிறப்பு என்ற இணை இதற்கு அச்சாகப் பொருந்தும். நன்னூல் பாயிரத்தைப் பிரிப்பதும் அப்படித்தான். ஆனால் இன்று ‘சிறப்பு’ என்றதும் மேன்மைதான் மனதில் தட்டும். ஆகவே ‘தனிச்சட்டம்’ என்பதே சரி; எதிர்ச்சொல் ‘பொதுச்சட்டம்’. ‘உள்ளூர்ச் சட்டம்’ என்றும் எழுத வேண்டாம். ஊர் இயற்றியது என்று பொருள்பட்டுவிடும். இதை இயற்றுவது மாநிலச் சட்டமன்றம்.

சொல்லின் முழு எடையும் வரி விஷயத்தில் தெரியும். அமெரிக்க மாநிலமான இந்தியானாவின் 1851ஆம் ஆண்டு அரசமைப்பு, 4ஆம் உறுப்பின் 23ஆம் பிரிவில், பொதுச்சட்டம் பொருந்தக்கூடிய இடத்தில் எல்லாச் சட்டமும் பொதுவாகவும் மாநிலம் முழுக்க ஒரே சீராகவும் இருக்கவேண்டும் என்கிறது. அதைத் தாண்ட வரைவாளர்கள் கையாளும் வழி, ஊர்ப் பெயரை விட்டுவிட்டு மக்கள்தொகையை எழுதுவது. ஒரு வருமான வரிச் சட்டம், ‘129,000க்கு மேல், 130,600க்குக் கீழ்’ மக்கள் உள்ள கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப்பகுதி) கூடுதல் விகிதம் விதிக்க அதிகாரம் தந்தது. 1990 கணக்கெடுப்பில் டிப்பெகனூ கவுண்டியின் மக்கள்தொகை 130,598! இப்படி எழுதினால் அடுத்த கணக்கெடுப்பு வந்ததும் எண்களைத் திருத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் அதிகாரம் வேறு கவுண்டிக்குப் போய்விடும்.

எண் போட்டதால் அது பொதுச்சட்டம் ஆகிவிடவில்லை. 1996இல் ஹூவ்லர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தனிச்சட்டம் என்றே கொண்டது. ஆனாலும் செல்லும் என்றது. நச்சுக் குப்பைமேடு ஒன்றைத் ‘சூப்பர்ஃபண்ட்’ என்ற கூட்டரசின் நச்சுக்கழிவுச் சட்டப்படி துப்புரவு செய்யும் பொறுப்பு அந்தக் கவுண்டியின் தலையில் விழுந்திருந்தது. அந்தத் தனி நிலைமைதான் காரணம். ஆக, கேள்வி இரண்டு: சட்டம் தனியா பொதுவா? தனி என்றால், அந்த இடத்துக்கே உரிய தன்மை எதுவும் அதை நியாயப்படுத்துகிறதா? இரண்டாவதற்குப் பதில் இல்லாமல் 2003இல் சவுத் பெண்ட் வழக்கில் 200,000 முதல் 300,000 வரை மக்கள் உள்ள கவுண்டி என்ற வரம்பு விழுந்தது.

ஆண்டை வைத்து ஒளித்தாலும் இதே கதிதான். வாடகை வீட்டுப் பதிவுக் கட்டணம் 5 டாலரைத் தாண்டக்கூடாது என்ற சட்டம், 1984க்கு முன்பே பதிவுத் திட்டம் வைத்திருந்த ஊர்களுக்கு விலக்குத் தந்தது; அவை ப்ளூமிங்டனும் வெஸ்ட் லாஃபயெட்டும் மட்டுமே. 2019இல் நீதிமன்றம் விலக்கை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வரம்பை விட்டுவைத்தது. அந்த வரம்பை எதிர்த்து வழக்கில் நின்ற ஹாமண்ட் நகரத்துக்குக் கூடுதலாக ஒரு டாலரும் கிடைக்கவில்லை. மற்ற இரண்டு ஊர்களும் இருந்த சலுகையை இழந்தன.