புறாமலைக்குச் சங்கிலி பிடிக்க முடியாது

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கடற்கரையில் நின்றால், புறாமலைத் தீவுக்கு நீந்தியே போய்விடலாம் போலத் தெரியும். இடையில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் கடல். வயலை அளப்பதுபோல் சங்கிலி பிடிக்க வழியில்லை. செய்மதி இல்லாத காலத்தில் அதை எப்படித் தேசப்படத்தில் சரியான இடத்தில் வைத்தார்கள்?

தீவுக்குப் போகாமலேதான். கரையில் இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரத்தை மட்டும் அளந்தால் போதும். அது 2 கிலோமீற்றர் என்று வையுங்கள். ஒரு முனையில் முக்காலியின் மேல் மட்டமாக ஒரு பலகை, அதில் ஒட்டிய தாள். அளந்த தூரம் தாளில் சிறு கோடாக ஏற்கெனவே இருக்கும். பார்வைத் துவாரம் உள்ள அளவுகோலைத் தீவின் உச்சிப் பாறைக்கு நேராகத் திருப்பி, ஓரத்தோடு பென்சிலால் ஒரு கோடு. பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு மணலில் மறுமுனைக்கு நடை. வந்த திசையைப் பார்த்துப் பலகையைச் சரிசெய்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுமிடம்தான் தீவு. இரு கோணங்களும் 45 பாகை என்றால், அளந்த கோட்டிலிருந்து தீவுக்கு மிகக் குறுகிய தூரம் சரியாக 1 கிலோமீற்றர்.

மூன்றாவது இடத்திலிருந்தும் ஒரு கோடு போடுவார்கள். எனக்குப் பிடித்தது இதுதான். அது அதே புள்ளியில் விழாமல் குட்டி முக்கோணம் ஒன்றை விட்டால், எங்கோ கை பிசகியிருக்கிறது. திரும்ப நடக்க வேண்டும். நம் மீனவர்கள் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள்: படகிலிருந்து கரையின் கோயிலையும் மலையையும் பார்த்து, மீன் கிடைக்கும் பாரை, அதாவது கடலடிப் பாறைத்திட்டை, கண்டுபிடிக்கிறார்கள்.

தூரம் தெரிந்தால் உயரம் சுலபம். ஒரு கிலோமீற்றரில் பார்வை ஒரு பாகை ஏறினால், பாறை கண்மட்டத்துக்கு மேலே சுமார் 17 மீற்றர்.

1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம் பின்னர் வெளியிட்ட ஒரு மைலுக்கு ஓர் அங்குல இடவிளக்கப் படங்களில் அளவுத்திட்டம் 1:63,360. கால் மில்லிமீற்றர் பென்சில் கோடே தரையில் 16 மீற்றரை விழுங்கிவிடும். சிறு பாறைகள் புள்ளியாகிப் போவதில் வியப்பில்லை.

தண்ணீருக்குள் வேறு கணக்கு. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாகக் கணக்கில் (ஒரு பாகம் ஆறடி) ஆழம் பார்த்தார்கள். கொட்டியாரக் குடாவிலோ கரைக்கு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. கயிறு போய்க்கொண்டே இருக்கும். அதோடு, திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் உயரத்தைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எண்ணுகிறோம். கடற்படமோ ஆழத்தை வற்றுநீர் மட்டத்திலிருந்து எண்ணுகிறது. ஒரே கரைக்கு இரண்டு பூச்சியங்கள். திருகோணமலையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் வித்தியாசம் சிறிதுதான். ஆனாலும் கோணேசர் கோயில் வாசலிலிருந்து கடலடிவரை கூட்டிப் பார்ப்பவர் அந்தச் சில பத்துச் சென்ரிமீற்றரையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.