குரலை எண்ணாக்கி அனுப்பிய 55 டன் டெலிபோன்

1941 டிசம்பர் 7 காலை. அமெரிக்க ராணுவத் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலின் அலுவலகத்தில் குரலைக் கலைத்து அனுப்பும் ரகசிய டெலிபோன் ஒன்று இருந்தது. எந்நேரமும் போர் மூளலாம், உஷாராக இருங்கள் என்று ஹவாய்க்குச் சொல்லியாக வேண்டிய நேரம். ஆனால் அவர் அந்த டெலிபோனை நம்பவில்லை, செய்தியைத் தந்தியில் அனுப்பினார். அது உரியவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஹவாயின் பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பான் நடத்திய தாக்குதலே முடிந்துவிட்டது.

அவருடைய சந்தேகம் நியாயமானதுதான். ஏ-3 என்ற அந்தக் கருவி குரலை ஐந்து அலைவரிசைத் துண்டுகளாகப் பிரித்து, இடம் மாற்றி, சிலவற்றைத் தலைகீழாக்கி அனுப்பும். ஐந்து துண்டுகளை இடம் மாற்றவும் தலைகீழாக்கவும் மொத்தமே 3840 வழிகள்தான். அவற்றிலும் நடைமுறைக்கு உதவுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஜெர்மனியின் அஞ்சல் துறை, டச்சுக் கடற்கரையில் ஒரு நிலையம் அமைத்து, அட்லாண்டிக்கைக் கடந்த பேச்சுகளைப் பிடித்து உடனுக்குடன் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தது. 1943 ஜூலை 29 அன்று சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் இத்தாலியைப் பற்றிப் பேசியதுகூட ஜெர்மானியர் காதில் விழுந்தது.

கோளாறு கருவியில் இல்லை, யோசனையிலேயே இருந்தது. குரலை எப்படிக் கலைத்துப் போட்டாலும் அது குரல்தான். ஏற்ற இறக்கம், நிறுத்தம், தாளம் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும். பழகிய காது பாதியைப் பிடித்துவிடும். ஆகவே அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆய்வகத்தினர் வேறு வழியில் போனார்கள். குரலை அனுப்பவே வேண்டாம், குரலைப் பற்றிய எண்களை மட்டும் அனுப்புவோம் என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் சிக்சாலி என்ற 55 டன் டெலிபோன்.

எண்களை எடுத்துத் தந்தது ஹோமர் டட்லி அதே ஆய்வகத்தில் உருவாக்கிய வோகோடர். நாம் பேசும்போது குரல்நாண்கள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிர்கின்றன. அந்த அதிர்வைச் சொல்லாக்கும் நாக்கும் உதடும் தாடையும் அதோடு ஒப்பிட்டால் மெதுவாகத்தான் அசைகின்றன. டட்லி பிடித்துக்கொண்டது இந்த மெதுவான அசைவை. குரலைப் பத்து அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு பலம் இருக்கிறது என்று மட்டும் அளந்தால் போதும். கூடவே சுருதி என்ன என்று சொல்ல வேண்டும். 'ஸ்' போல வெறும் காற்றொலி என்றால் சுருதி இல்லை என்று சொல்லிவிடலாம். மறுமுனையில் ஓர் இயந்திரம் இந்த அளவுகளை வைத்துக் குரலைப் புதிதாகச் செய்துவிடும். பேசியவர் குரலைவிட ஒரு ரோபோவின் குரலைப் போலத்தான் இருக்கும், ஆனால் பேச்சு புரியும்.

சிக்சாலி இந்த அளவுகளை விநாடிக்கு 50 முறை எடுத்தது. ஒவ்வொரு அளவும் 0 முதல் 5 வரையிலான ஆறு படிகளில் ஒன்றாக மாறியது. சுருதியில் சிறு பிசகும் காதை உறுத்தும் என்பதால் அதற்கு மட்டும் 36 படிகள், அதாவது ஆறு படி கொண்ட எண்கள் இரண்டு. ஆக மொத்தம் 12 தடங்கள், விநாடிக்கு 600 எண்கள். இன்றைய கணக்கில் சுமார் 1550 பிட்.

சரி, எண்ணாகிவிட்டது. எப்படி ஒளிப்பது? ஒவ்வொரு எண்ணோடும் 0 முதல் 5 வரை தற்செயலாக வந்த ஒரு சாவி எண்ணைக் கூட்டு. விடை ஆறோ அதற்கு மேலோ வந்தால் ஆறைக் கழித்துவிடு. கடிகாரத்தில் பத்து மணிக்கு நாலு மணி நேரம் கூட்டினால் இரண்டு மணி வருகிறதே, அதே கணக்கு. குரலின் எண் 4, சாவி 5 என்றால் கூட்டுத்தொகை 9. ஆறு போக 3. வானொலியில் போவது இந்த 3 மட்டும்தான். ஒட்டுக்கேட்பவருக்கு இந்த 3 எதைச் சொல்கிறது? ஆறு எண்களில் எதுவும் அதன் பின்னால் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. சாவி உள்ளவரோ 3-லிருந்து 5-ஐக் கழித்து, ஆறைக் கூட்டி, 4-ஐ எடுத்துக்கொள்வார். முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஏடி அண்ட் டி என்ற அமெரிக்க டெலிபோன் நிறுவனத்தின் கில்பர்ட் வெர்னாம் தொலையச்சுக்குச் செய்ததும் இதே வித்தைதான், அங்கே ஆறு எண்களுக்குப் பதில் 0, 1 என்று இரண்டே எண்கள். இன்றும் கணினித் தரவை மறைக்கும் முறைகளில் அந்த இரண்டின் கணக்கு எங்கும் காணக் கிடைக்கிறது. சாவி உண்மையிலேயே தற்செயலாக இருந்து, ஒரே ஒரு முறை பயன்பட்டால் இதை உடைக்கவே முடியாது என்பதைக் கணிதமாக நிறுவியவர் பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன்.

தற்செயலுக்கு எங்கே போவது? பாதரச ஆவி வால்வுகள் என்ற மின்குழாய்களில் எழும் இரைச்சலை அளந்து எண்ணாக்கி, கிராமபோன் தட்டில் பதித்தார்கள். ஒரு தட்டு ஏறத்தாழ 12 நிமிடம் ஓடும். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளில் ஒன்று வாஷிங்டனில், இன்னொன்று லண்டனில். பேசி முடித்ததும் இரண்டையும் அழித்துவிட வேண்டும். பேச்சு நீண்டால் பக்கத்தில் தயாராக இருக்கும் தட்டுக்கு மாறலாம்.

என்னைக் கேட்டால், சிக்சாலியின் உண்மையான சாதனை கணக்கில் இல்லை, இந்தத் தட்டுகளைச் சுழற்றியதில்தான். கடலின் இரு கரையிலும் உள்ள தட்டுகள் விநாடியின் ஐம்பதில் ஒரு பங்குகூடப் பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும். ஓர் எண் தள்ளிப்போனாலும் தவறான சாவியைக் கழிப்போம், கேட்பது வெறும் இரைச்சல்தான். அதனால் படிகக் கடிகாரங்களைக் கொண்டு மோட்டார்களை ஓட்டினார்கள். ஊசியை முதல் பள்ளத்தில் குறித்த இடத்தில் வைத்து, பேசி வைத்த நொடியில் இரு பக்கமும் ஒன்றாகத் தொடங்கினார்கள். வானொலி அலை கடல் தாண்ட எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் 40 அலமாரிகள், 55 டன் எடை, 30 கிலோவாட் மின்சாரம். அறையைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு. லண்டன் இயந்திரம் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் அடித்தளத்தில் இடம் பிடித்தது. சர்ச்சிலின் நிலவறை அலுவலகத்துக்கு அங்கிருந்து ஓர் இணைப்பு போனது. அந்தச் சின்ன அறையைப் பிரதமரின் தனிக் கழிவறை என்றே ஊழியர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டன் சார்பில் இதைச் சோதிக்க 1943 ஜனவரியில் பெல் ஆய்வகத்துக்கு வந்தவர் கணித அறிஞர் ஆலன் டூரிங். ஷானனும் அவரும் அங்கே தேநீர் நேரத்தில் சந்தித்துப் பேசுவார்கள், சிந்திக்கும் இயந்திரங்களைப் பற்றி. இருவரும் மறைகுறி வேலையில்தான் இருந்தார்கள், ஆனால் அதைப் பற்றி வாய் திறக்க அனுமதியில்லை. ஊர் திரும்பிய டூரிங், டொனால்ட் பெய்லியோடு சேர்ந்து டெலைலா என்ற சின்னக் கருவியைச் செய்தார். வோகோடரும் கிடையாது, தட்டும் கிடையாது. சாவி எண்களைக் கருவியே உண்டாக்கும். அளவில் மிகச் சிறியது, ஆனால் தொலைதூர வானொலியின் கரகரப்பைத் தாங்காது. அது முடிவதற்குள் போரும் முடிந்துபோனது.

சிக்சாலி 1943 ஜூலை 15 அன்று வேலையைத் தொடங்கியது. அப்புறம் உலகெங்கும் 12 நிலையங்களாக விரிந்தது, அதில் ஒன்று பசிபிக்கில் கப்பலில் மிதந்தது. 3000-க்கும் மேற்பட்ட உரையாடல்களை அது கடத்தியது. 1976 வரை இந்தப் பெயரே வெளியில் தெரியாது. 1940-களில் விண்ணப்பித்த காப்புரிமைகள் சில அந்த ஆண்டில்தான் பெட்டியைவிட்டு வெளியே வந்தன.