எம்பார்கோ: தடையா, நேரக்கட்டா?

ஆய்வு நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலைக்குச் சேர்பவர் முதல் வாரமே கேட்கும் சொல் இது. ‘எம்பார்கோ போட்டு அனுப்பியாச்சா?’ என்பார்கள். செய்திக் குறிப்பை நிருபருக்கு முன்கூட்டியே கொடுத்து, குறித்த நேரம் வரை வெளியிடாமல் வைத்திருக்கச் சொல்வதுதான் பொருள். ஆய்வுக் கட்டுரையைப் படிக்கவும் ஆய்வாளரிடம் பேசவும் நிருபருக்கு இரண்டு மூன்று நாள் கிடைக்கும்.

ஸ்பானிய மொழியில் ‘எம்பர்கார்’ என்றால் மறித்து நிறுத்துதல். அதற்குள் இருப்பது ‘பர்ரா’, குறுக்குக் கம்பு. துறைமுகத்தில் கப்பலைப் புறப்பட விடாத அரசாணையைக் குறிக்க ஆங்கிலம் இதை எடுத்துக்கொண்டது. பத்திரிகைக்கு வந்தது பிற்பாடு. கோவை–பாலக்காடு எல்லையிலுள்ள வாளையார் வழியாகப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். செக்போஸ்ட் கம்பு இறங்கினால் லாரி நிற்கும், ஏறினால் போகும். கம்பு இறங்கியதற்காக லாரியை யாரும் பறிமுதல் செய்வதில்லை.

அதனால்தான் ‘வெளியீட்டுத் தடை’ என்ற தமிழாக்கம் இடிக்கிறது. நாடுகள் விதிக்கும் பொருளாதார எம்பார்கோவுக்குத் ‘தடை’ சரி. செய்திக் குறிப்பின் தலையில் போட்டால், யாரோ செய்தியை அமுக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் பத்திரிகையின் செய்தி டெஸ்க்கில் இருப்பவருக்குத் தோன்றும். ‘நிறுத்திவைப்பு’ என்றாலோ தேர்வு முடிவு ஞாபகம் வரும். கம்பு ஏறும் நேரத்தைச் சொல்லும் சொல் வேண்டும், ‘நேரக்கட்டு’ பொருந்துகிறது. ‘நேரக்கட்டை மீறிட்டாங்க’ என்று வாயிலும் நிற்கிறது.

மீறல் பெரும்பாலும் கணக்குப் பிழைதான். நேச்சர் என்ற அறிவியல் ஆய்விதழின் நேரக்கட்டு வழக்கமாக லண்டன் நேரம் புதன் மாலை 4 மணிக்கு முடியும். குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 9.30. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவதால், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 8.30. சயின்ஸ் இதழுக்கு அமெரிக்கக் கிழக்கு நேரம் வியாழன் பிற்பகல் 2 மணி. அவர்களின் கோடைக் கணக்கில் நமக்கு வியாழன் இரவு 11.30, குளிர்காலத்தில் வெள்ளி பிறந்து 12.30. ‘வியாழன் நள்ளிரவு’ என்று எழுதிவிட்டால் ஆளுக்கொரு நாள்.

பாலக்காட்டில் இன்னொரு தொல்லை. ஒரே குறிப்பு மலையாளத்திலும் தமிழிலும் போக வேண்டும். மொழிபெயர்ப்பவருக்கு உள்பகுதியை மட்டும் வெட்டி அனுப்புவார்கள். தலைப்புக்கு மேலிருந்த நேர வரி தமிழ்ப் படியில் காணாமல் போகும். கோவைப் பதிப்பு முந்திக்கொள்ளும். மறுநாள் காலை பாலக்காட்டு நிருபர் போனில் சண்டைக்கு வருவார். அவர் பக்கம்தான் நியாயம். ஒவ்வொரு மொழிப் படியிலும் முதல் வரி இப்படி இருக்கட்டும்: ‘இந்திய நேரம் புதன் இரவு 9.30-க்கு முன் வெளியிட வேண்டாம்.’ தேதியும் சேரட்டும். வாட்ஸ்அப்பில் படம் தனியாகப் போனால் அதன் கீழும் இதே வரி.

நிருபர் முதலில் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்காமல் அனுப்பிவிட்டு மேலே எம்பார்கோ என்று எழுதினால் அது அவரைக் கட்டாது. நிபா போன்ற நோய்ப் பரவலில், மக்கள் உடனே அறிய வேண்டிய தகவலுக்கு நேரக்கட்டே கிடையாது. இதழ்களும் அதற்கு விலக்குத் தருகின்றன.