சைட்டேஷன் – சுட்டுகை, எச்-இன்டெக்ஸ் – எச்-சுட்டெண்

ஓர் அறிவியலாளரின் கட்டுரைகளைப் பிறர் தம் ஆய்வுக்கட்டுரைகளில் ஆதாரமாகக் குறிப்பிடுவது சைட்டேஷன். அவருடைய தன்விவரத்தில் அதன் எண்ணிக்கை 4,500 என்றிருந்தால் தமிழில் அதை ‘4,500 மேற்கோள்கள்’ என்று எழுதிவிடுகிறோம். அது பொருளைத் திரித்துவிடுகிறது. மேற்கோள் என்றதும் இன்றைய வாசகர் நினைப்பது, பிறர் சொன்னதை அப்படியே எடுத்தாள்வதை. வேதியியல் கட்டுரை ஒன்றின் இறுதிப் பட்டியலில் 50 உசாத்துணைகள் (ரெஃபரன்ஸ்) இருக்கும். ஆனால் யாருடைய வரியும் அப்படியே எடுத்து எழுதப்பட்டிருக்காது. ‘இந்தச் செய்முறை அங்கிருந்து, இந்த அளவீடு இங்கிருந்து’ என்று எண்ணிட்டுக் கைகாட்டியிருப்பார்கள், அவ்வளவே. மேலும், மேற்கோளுக்குத் தமிழில் வேறொரு பழைய பொருளும் உண்டு. சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும் வரிசையில் அது நிறுவ எடுத்துக்கொண்ட கருத்தைக் குறிக்கிறது.

சைட்டேஷனின் வேர் ‘சிட்டாரே’ என்னும் லத்தீன் வினை. அசைத்தல், வரச்சொல்லி அழைத்தல் என்பன அதன் பொருள். நீதிமன்ற அழைப்பாணைக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு, வழக்கில் பழைய தீர்ப்பைத் துணைக்கு அழைப்பதற்கும் அதுவே பெயரானது. எந்தத் தீர்ப்பைப் பின்வந்த எந்தத் தீர்ப்புகள் சுட்டின என்று தொகுக்கும் அட்டவணையை 1873-இல் அமெரிக்காவில் ஷெப்பர்ட் என்பவர் தொடங்கினார். அதை முன்மாதிரியாக வைத்து அறிவியலுக்கும் ஓர் அட்டவணை வேண்டும் என்று 1955-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியவர், வேதியியல் பட்டதாரியான யூஜின் கார்ஃபீல்டு.

ஆகவே ‘சுட்டுகை’ என்பதே பொருந்தும். வினையாகவும் தடையின்றி நடக்கும்: சுட்டியது, சுட்டப்பட்டது. தம் கட்டுரையைத் தாமே சுட்டுவது தற்சுட்டுகை. உசாத்துணையும் சுட்டுகையும் ஒரே இணைப்பின் இரு முனைகள்: சுட்டும் கட்டுரையில் உசாத்துணையாக இருப்பது, சுட்டப்படும் கட்டுரையின் கணக்கில் ஒரு சுட்டுகையாகச் சேர்கிறது.

அடுத்தது எச்-இன்டெக்ஸ்: ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு சுட்டப்படுகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவு. இன்டெக்ஸுக்குத் தமிழ்நாட்டில் குறியீடு, குறியீட்டெண் என்கிறோம். வேதியியலில் குறியீடு என்பது தனிமத்தின் அடையாள எழுத்து. அங்கே எச் என்றாலே ஹைட்ரஜன். எச்-குறியீடு என்று எழுதினால் குழப்பம்தான். இலங்கையில் விலைவாசிக்கு வழங்கும் ‘சுட்டெண்’ இங்கே தெளிவானது, சுட்டுகையோடும் இசைகிறது.

எச்-சுட்டெண்ணை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்னும் இயற்பியலாளர். கணக்கிடும் முறை எளிது. கட்டுரைகளைச் சுட்டுகையின் இறங்கு வரிசையில் அடுக்கி, 1, 2, 3 என்று எண்ணிடுங்கள். சுட்டுகை வரிசை எண்ணுக்குக் குறையாதிருக்கும் கடைசி இடமே எச். சுட்டுகைகள் 60, 41, 22, 9, 7, 6, 3 என்றால் ஆறாவது கட்டுரைக்கு 6 இருக்கிறது, ஏழாவதற்கு 3தான்; எச் = 6. அந்த 60 நாளை 6,000 ஆனாலும் எச் அசையாது. இந்த எண் குறையாது, ஏறத்தான் செய்யும். அதனால் இளம் ஆய்வாளரையும் மூத்தவரையும் இதைக்கொண்டு ஒப்பிடுவது நியாயமில்லை.

வேதியியலிலும் காலநிலையிலும் கால்பதித்தவர்களிடம் இந்தக் கணக்கு எப்படித் தடுமாறுகிறது என்பதற்கு ஸ்வீடன் வேதியியலாளர் அர்ஹீனியஸைப் பாருங்கள். வெப்பநிலை ஏறினால் வினைவேகம் எப்படி ஏறும் என்று சொல்லும் அவருடைய 1889ஆம் ஆண்டுச் சமன்பாடு ஒவ்வொரு வேதியியல் வகுப்பிலும் இருக்கிறது. பெயரைச் சொல்லிப் பயன்படுத்துவார்கள். மூலக்கட்டுரையைச் சுட்டுபவர் அரிது. பாடநூலில் கரைந்துபோன அறிவு சுட்டுகைக் கணக்கில் ஏறுவதில்லை. காற்றில் கரியமில வாயு கூடினால் தரை வெப்பம் எவ்வளவு கூடும் என்று கணக்கிட்ட 1896ஆம் ஆண்டுக் கட்டுரையின் கதை வேறு. பல பத்தாண்டுகள் ஒதுங்கிக் கிடந்த அதை இன்று காலநிலை ஆய்வாளர்கள் விரும்பிச் சுட்டுகிறார்கள். அவருக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது இவ்விரண்டுக்கும் அன்று, மின்பகுபொருள்கள் கரைசலில் அயனிகளாகப் பிரிகின்றன என்னும் கோட்பாட்டுக்கு.

துறைக்குத் துறை சுட்டும் பழக்கமும் வேறு. இதைச் சரிக்கட்ட, ஒரு கட்டுரையின் சுட்டுகையை அதே துறையில் அதே ஆண்டில் வெளியான கட்டுரைகளின் சராசரியால் வகுக்கிறார்கள். இதைத் துறைச்சீர் சுட்டுகை எனலாம். விடை 1 என்றால் சராசரி. 40 சுட்டுகை பெற்ற கட்டுரையைச் சராசரி 20 உள்ள துறையில் வைத்தால் 2, சராசரி 10 உள்ள துறையில் வைத்தால் 4. குளிர்பதனப்பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் பூமியைச் சூடாக்கும் என்று காலநிலை அறிவியலாளர் வீ. ராமநாதன் 1975-இல் காட்டிய ஆய்வு வேதியியலா, வளிமண்டல அறிவியலா? எந்தக் கூடையில் போடுகிறோமோ, அதைப் பொறுத்து எண் மாறும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு சிக்கல். முதலெழுத்து முன்னால் ஓர் இதழில், தந்தை பெயர் விரிந்து பின்னால் இன்னோர் இதழில் என்று வந்தால் சுட்டுகைகளை எண்ணும் தரவுத்தளம் ஒருவரை இருவராக்கும். ஒரே முதலெழுத்துள்ள இருவரை ஒருவராகவும் சேர்த்துவிடும். முதல் கட்டுரையிலேயே ஒரே பெயர்வடிவத்தை முடிவுசெய்து, ஆர்கிட் என்னும், ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண்ணையும் இணைத்துவிட வேண்டும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய மூன்று தளங்களும் வெவ்வேறு இதழ்த்தொகுதிகளிலிருந்து எண்ணுவதால், தமிழில் எழுதும்போது ‘ஸ்கோபஸ் கணக்கில் எச்-சுட்டெண் 34’ என்று தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.