கங்காணி: ஒரு சொல்லும் சில நாவல்களும்

தேயிலைத் தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்கும் ஆளுக்குக் கங்காணி என்று பெயர். அது சுத்தமான தமிழ்ச்சொல். வெள்ளைக்காரத் துரைகளோடு வந்த சொல் மாதிரி ஒலிப்பதால் சிலருக்கு அந்தச் சந்தேகம் வருகிறது. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. அதே கணக்கில் கண்ணால் காண்பவர் கண்காணி. இங்கே காணி என்பது நில அளவு அல்ல, காண் என்ற வினையடியோடு இகரம் சேர்ந்தது. பேச்சில் ககரத்துக்கு முன்னால் நிற்கும் ணகரம் ஙகரமாக மாறிவிடும். ‘கண்காணாத தேசம்’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும். அந்தப் பேச்சு வடிவம்தான் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து ஆங்கில அகராதி வரைக்கும் ஏறியது.

பழைய பொருள் கொஞ்சம் வேறு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீமாகேசுவரக் கண்காணி செய்வார்’ என்று வரும். கோயில் காரியங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு அவர்களுடையது. திருமூலர் இன்னும் ஒரு படி மேலே போய், கடவுளையே கண்காணி ஆக்கிவிடுகிறார்:

‘கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்
கண்காணி இல்லா இடமில்லை’

பார்க்க ஆளில்லை என்று நினைத்துத் திருடுகிறவனுக்குச் சொன்னது இது. ஆக, கோயில் பொறுப்பில் இருப்பவர்கள் முதல் ஊரார் வரை எல்லார் மேலும் விழுந்த கண் அது. தோட்டத்தில் அதே கண் கீழ்நோக்கி மட்டும் திரும்பியது. அதிகாரத்தைப் பற்றிய நவீன நாவல்களைத் தமிழில் பேச வேண்டுமென்றால் இந்தத் திருப்பத்தை விட நல்ல கைப்பிடி எனக்குத் தெரியவில்லை.

நீலகிரியில் இந்தச் சொல் இரண்டு வழியாகப் புழங்குகிறது. ஒன்று, இங்கேயே இருந்த எஸ்டேட் வழக்கு. மற்றது, இலங்கையிலிருந்து வந்தது. 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படித் திரும்பியவர்களில் பலருக்கு அரசு தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலை கொடுத்தார்கள். சேரம்பாடி, கொளப்பள்ளி, பாண்டியாறு பக்கத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வயதானவர்கள் பேசும்போது பெரட்டு, கணக்கப்பிள்ளை, அரைப்பேர் எல்லாம் இன்றும் விழும். பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் எழுதி வேலை பிரிக்கும் இடம். அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதிக் கூலிதான். முழுப்பேரா அரைப்பேரா என்பதில் கங்காணியின் வார்த்தைக்கு எடை உண்டு.

இலங்கையில் கங்காணிக்குள்ளேயே படிகள் இருந்தன. மேலே பெரிய கங்காணி, கீழே சில்லறைக் கங்காணிகள். பெரிய கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பார். அந்தப் பணம் தொழிலாளியின் கடனாகக் கணக்கில் நிற்கும். வேலைக்கு நின்ற ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தோட்டத்திலிருந்து காசு. யாராவது வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடலாம் என்று எழுதிய சீட்டு. துண்டு கைமாறினால் ஆளும் கைமாறினான். இந்தத் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. லஞ்சம் என்று தனியாக ஒன்று வாங்க வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு. ஊழல்தான் வேலை விதியாகவே எழுதப்பட்டிருந்தது.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் நாயகி மருதி போய்ச் சேர்வது இப்படிப்பட்ட ஒரு தோட்டத்துக்குத்தான். அது நாவலல்ல, நெடுங்கதை. ஆனாலும் பின்னால் வந்த தோட்ட நாவல்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. பி.எச். டேனியல் வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆன நாவலில் ஆள் பிடிக்கிறவர் பெயர் மேஸ்திரி. வேலை ஒன்றுதான், சொல் வேறு. மேஸ்திரி போர்த்துகீசியர் வழி வந்தது. அவர்கள் மொழியில் ‘ஆசான்’ என்று பொருள். இரண்டு கதையிலும் துரை தூரத்தில் பங்களாவில் இருக்கிறார். கூலிக்காரன் தினமும் பார்ப்பது தன் பாஷை பேசும், சில சமயம் தன் ஊர்க்காரனாகவே இருக்கும் ஒருவனை. அதிகாரம் தானே வந்து அடிப்பதில்லை, இடையில் ஒரு ஆளை வைத்துக்கொள்கிறது. கங்காணி என்ற சொல்லின் இன்றைய முழுப்பொருள் அந்த இடைநிலைதான்.

ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ நீலகிரியின் படகர் சமூகத்தின் கதை. அங்கே நிலம் அவர்களுடையது, எனவே கண்காணிக்க ஆள் தேவைப்படவில்லை. தேயிலையும் பணமும் மின்திட்டமும் வந்து அந்த வேலையைச் செய்கின்றன. இதற்கு மேல் அந்த நாவலை இந்தச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்.

சரி, ஜார்ஜ் ஆர்வெல். 1949இல் வெளிவந்த ‘1984’ நாவலில் சுவரில் ஒரு திரை. அது காட்டவும் செய்யும், பார்க்கவும் செய்யும். எப்போது பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால் எப்போதும் பார்ப்பதாகவே நினைத்து வாழ வேண்டும். திருமூலர் சொன்ன அதே ‘இல்லா இடமில்லை’, ஆனால் கடவுள் இருந்த இடத்தில் கட்சி. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்னக் காட்சி. மேல்மட்டக் கட்சிக்காரனான ஓபிரையன் தன் அறைத் திரையை அணைக்கிறான். கட்சியை வெறுக்கும் நாயகன் வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும் திகைத்துப் போகிறார்கள். எங்களுக்கு அந்தச் சலுகை உண்டு என்கிறான் ஓபிரையன். பார்க்கிறவன் தன் மேல் விழும் கண்ணை மட்டும் மூடிக்கொள்ளலாம். நான்கு வருடம் முன்னால் வெளிவந்த ‘விலங்குப் பண்ணை’யில் பாலும் ஆப்பிளும் ஆட்சி செய்யும் பன்றிகளுக்கு மட்டும் போவதும் இதே சலுகைதான்.

அப்புறம், இந்தப் பார்க்கும் வேலைகளுக்குத் தமிழில் எந்தச் சொல்லை எங்கே எழுதுவது? வேலையைக் குறித்தால் மேற்பார்வையாளர் போதும். மழையளவு, நோய்ப் பரவல், காட்டுத்தீ ஆகியவற்றுக்குக் கண்காணிப்பு சரியான சொல், அதில் பழைய பொறுப்புணர்வு இன்னும் ஒட்டியிருக்கிறது. குன்னூர் கடைவீதி கேமராவுக்கும் அதையே எழுதுகிறோம், பரவாயில்லை. ஆனால் ஆர்வெலின் திரை செய்யும் வேலைக்குக் கண்காணிப்பு என்று எழுதினால் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. வேவு என்பதே பொருந்தும். கங்காணி என்பதை, மேலே இருப்பவனுக்காகக் கீழே இருப்பவனைப் பார்த்து அதில் தன் பங்கையும் எடுத்துக்கொள்ளும் ஆளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

‘1984’ நாவலில் கட்சித் தலைவனுக்கு உள்ள ‘பெரியண்ணன்’ என்ற பெயரை ‘பெரிய கங்காணி’ என்று மாற்றினால் தோட்டத்து ஆட்களுக்கு விளக்கமே வேண்டாம் என்று எனக்கே ஒரு ஆசை வந்தது. செய்யக்கூடாது. கடைசி வரியில் வின்ஸ்டன் பெரியண்ணனை நேசிக்கிறான், அதற்கு அண்ணன் என்ற உறவு வேண்டும். கங்காணிக்குத் தோட்டத்துப் பாடல்களில் கிடைத்தது வசைதான்.