குதிரை வாலில் முடி கொட்டினால் தோல்படை என்று முடிவுகட்டாதீர்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் வாங்கிவந்த பெட்டைக் குதிரை. நான்கு வயது. வரும்போது மேனி பளபளவென்று இருந்ததாம். ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். செப்டம்பர் முடிவதற்குள் வால் எலிவால் போலாகி, பிடரியில் பாதி போய்விட்டது. தூணில் தேய்த்துத் தேய்த்துத் தோல் கிழிந்து நீர் கசிந்தது.

“படைதானுங்க டாக்டர். வேப்பெண்ணெய் போட்டோம், கேக்கல. அப்புறம் பழைய இன்ஜின் ஆயில் போட்டோம்” என்றார் குதிரைக்காரர்.

எந்த நேரத்தில் அதிகமாகத் தேய்க்கிறது என்று கேட்டேன். பொழுது சாயும்போதும் விடிகாலையிலும் என்றார். படை என்கிற பூஞ்சைத் தோல்நோயாக இருந்தால் முடி வட்டவட்டமாகக் கொட்டும், அரிப்பு பெரிதாக இருக்காது. வாலை மட்டும் தேய்த்தால் குடற்புழுவைச் சந்தேகிக்கலாம். பேனும் சொறிப்பூச்சியும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. பிடரி, வால், அடிவயிற்றின் நடுக்கோடு, அதோடு அந்தி நேரம் என்றால் என் சந்தேகம் கியூலிகாய்டஸ் என்னும் கடிக்கும் குட்டிப் பூச்சி மேல்தான் போகும். ஆட்டுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புகிறதே, அதே பூச்சி இனம். இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் தாராளமாக நுழைந்துவிடும்.

கடிக்கும்போது உள்ளே போகும் அதன் எச்சிலைச் சில குதிரைகளின் உடல் பகையாக நினைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரே லாயத்தில் பத்து நின்றாலும் ஒன்றுக்கு மட்டும் வரும். இது தொற்று இல்லை, ஆனால் பரம்பரையாக வரக்கூடியது. அப்படிப்பட்ட குதிரையில் குட்டி எடுக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். இடம் மாறினாலும் வரலாம். ஐஸ்லாந்தில் பிறந்த குதிரைகளை ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோனால் அவற்றில் பலவற்றுக்கு இந்த அரிப்பு வருவது எங்கள் துறையில் நன்கு தெரிந்த விஷயம்.

“ஒரு ஊசி போட்டுருங்க” என்பார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டால் அரிப்பு சட்டென்று அடங்குவது உண்மைதான். புண் மோசமாக இருந்ததால் இந்தக் குதிரைக்கும் சில நாள் கொடுத்தேன். ஆனால் மாதாமாதம் போட்டுக்கொண்டே போனால் குளம்பு அழற்சி வந்து குதிரை நடக்க முடியாமல் படுத்துவிடும் ஆபத்து உண்டு. சினைக்குதிரை என்றால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் இரண்டையும் தயவுசெய்து தொடாதீர்கள். கிழிந்த தோலை அவை வேகவைத்துவிடும்.

உண்மையான வைத்தியம் கொட்டிலில்தான் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கெல்லாம் குதிரையை உள்ளே கட்டி, பெரிய மின்விசிறி ஒன்றை அதன் மேல் காற்று படும்படி ஓடவிடச் சொன்னேன். இந்தப் பூச்சிக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு கிடையாது. வயரை மட்டும் குதிரை வாய்க்கு எட்டாமல் வையுங்கள். ஈரச் சாணமும் சேறும்தான் இது பெருகும் இடம். தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் அங்கே சேறாகிக் கிடந்தது, அதை மண்போட்டு மூடினோம். பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, அந்திக்கு முன் குதிரைக்கென்று உள்ள பெர்மெத்ரின் பூச்சிமருந்தைப் பூசினோம். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திடீரென்று உடம்பெங்கும் தடிப்புகள் எழும்பினால் அது வேறு கதை. அதற்கு முந்தைய ஒரு நாளுக்குள் போட்ட ஊசி, மாற்றிய தீவனம், புதிதாகப் பூசியது எல்லாவற்றையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். பென்சிலினால்கூட இப்படி வரும். மூக்கும் முகமும் வீங்கி மூச்சு திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரை அழையுங்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி.

அந்தக் குதிரைக்காரர் மறுவருடம் வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்பே மின்விசிறியை மாட்டிவிட்டார். அரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் தீபாவளிக்கு நான் போனபோது வாலில் முடி இருந்தது.